வேப்பெண்ணெய்: பூசலாம், புகட்டக் கூடாது!



வேப்ப மரம் இல்லாத தெரு நம் பக்கத்தில் உண்டா? ஆனி, ஆடி மாதங்களில் பழம் உதிரும். பொறுக்கி, சதையைக் கழுவி, கொட்டையைக் காயவைத்து, பருப்பைச் செக்கில் ஆட்டினால் வேப்பெண்ணெய் கிடைக்கும். அதன் கசப்புப் பொருளான நிம்பினை 1942-ல் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்ற விஞ்ஞானி பிரித்தெடுத்தார்.

எதற்குப் பயன்படும்?

வறண்ட தோலின் ஈரத்தை எண்ணெய்ப் பசை காக்கும். சேற்றிலும் வெயிலிலும் உழைத்து வெடித்த குதிகாலை, இரவில் வெந்நீரில் கழுவித் துடைத்துப் பூசலாம். அதன் வாடைக்குக் கொசு ஓரளவு விலகும்.

எப்படிப் பூசுவது?

1. தேங்காய் எண்ணெய் 10 பங்கு, வேப்பெண்ணெய் 1 பங்கு கலக்கவும்.
2. முதலில் முழங்கை உட்புறத்தில் ஒரு துளி தடவி ஒரு நாள் பாருங்கள். சிவந்தால், தடித்தால் விட்டுவிடுங்கள்.
3. கண்ணிலும் திறந்த புண்ணிலும் படக் கூடாது. கைக்குழந்தைக்குப் பூசவும் வேண்டாம்.

விரலிடுக்கில் இரவு நேரத்தில் அரிப்பெடுத்தால் அது சிரங்காக இருக்கலாம். "எண்ணெய் வச்சா போயிடும்" என்று இருந்துவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலைக் குடைவதால் வருவது அது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து வாங்கி, வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும்.

தாய்மார்களே, இதை மறக்காதீர்கள்!

"பிள்ளைக்குச் சளி கட்டிக்கிச்சு, ஒரு சங்கு வேப்பெண்ணெய் ஊத்து" என்று பெரியவர்கள் சொல்லுவாங்க. பாசத்தில் சொல்வதுதான், ஆனால் ஆபத்து. அப்படிப் புகட்டிய குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு கண்டதை 1981-ல் மலேசிய மருத்துவர்கள் எழுதினார்கள். ஈரலும் மூளையும் கெட்டு இறந்த குழந்தைகளும் உண்டு. ஒரு சிறு கரண்டி அளவுகூட வேண்டாம். தவறிக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காமல், எண்ணெய்ப் புட்டியுடன் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், 108-ஐ அழையுங்கள்.

கர்ப்பிணிகளும் இதைக் குடிக்கக் கூடாது.

கணவன்மார்களுக்கு ஒரு சொல்

பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட வேப்பெண்ணெயை நம்பாதீர்கள். நிரோத் உறையில் எந்த எண்ணெய் பட்டாலும் ரப்பர் நைந்து கிழியும். தக்க முறை எது என்பதைக் கிராம சுகாதார செவிலியரிடம் இருவருமாகச் சென்று கேளுங்கள்.

வேப்பெண்ணெய்ப் புட்டியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மருந்துப் புட்டிகளோடு சேர்த்து வைக்காதீர்கள்.

தோலுக்கு மேலே துணை! தொண்டைக்குள்ளே வினை!