பாலிடெக்னிக்கா, ஜூனியர் காலேஜா? மும்பைத் தமிழர் வீடுகளில் ஜூன் மாதக் கேள்வி

ஜூன் பிறந்துவிட்டால் மும்பையில் மழை எப்போது வரும் என்று எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள். பத்தாவது தேறிய பிள்ளை இருக்கும் தமிழர் வீடுகளில் இன்னொரு கவலையும் சேர்ந்து கொள்கிறது. பையனை ஜூனியர் காலேஜில் சேர்ப்பதா, பாலிடெக்னிக்கில் சேர்ப்பதா?

தாராவியில் ஒரு வீடு. குடும்பத் தலைவர் வாஷி மார்க்கெட்டில் கணக்கு எழுதுகிறார். சொந்த ஊர் நெல்லைச் சீமை. மகன் எஸ்.எஸ்.சி.யில் 78 சதவீதம் வாங்கியிருக்கிறான். என்ஜினீயர் ஆக வேண்டும் என்பதில் வீட்டில் இரண்டு பேச்சு இல்லை. எந்த வழியில் என்பதில்தான் தகராறு.

"அவனை பிளஸ் டூ படிக்க வையுங்க அத்தான். பாலிடெக்னிக் படிச்சா கடைசி வரைக்கும் சூப்பர்வைசர்தான்" என்கிறார் மனைவியின் தம்பி.

"கோச்சிங் கிளாசுக்கு நீ பணம் கட்டுறியா மாப்பிள்ளை?" என்று கேட்கிறார் அவர்.

பதில் இல்லை. பையன் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருக்கிறான்.

இரண்டும் ஆறு ஆண்டுதான்

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஜூனியர் காலேஜில் 2 ஆண்டு, பிறகு பி.இ. 4 ஆண்டு. ஆக 6. பாலிடெக்னிக்கில் டிப்ளமா 3 ஆண்டு, பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து 3 ஆண்டு. அதுவும் 6. கடைசியில் கையில் கிடைக்கும் பட்டம் ஒன்றே. டிப்ளமா வழியில் போனால் வயது வீணாகும் என்று சொல்பவர்கள் விரல் விட்டு எண்ணிப் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

வேறுபாடு தேர்வில் இருக்கிறது. ஜூனியர் காலேஜ் வழியாகப் போகிறவன் பன்னிரண்டாவது தேறுவதோடு, மகாராஷ்டிர அரசின் சி.இ.டி. நுழைவுத் தேர்வையும் எழுத வேண்டும். மொத்தம் 200 மார்க். அதில் கணிதம் மட்டும் 100. இந்தத் தேர்வுக்காகத்தான் கோச்சிங் வகுப்புகள் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கின்றன. பாலிடெக்னிக்கில் நுழைவுத் தேர்வு கிடையாது. பத்தாவது மார்க்கை வைத்து இடம் தருகிறார்கள். அதன் பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டுச் சேர்க்கைக்கும் டிப்ளமா மார்க்தான் அளவுகோல்.

பாந்திரா கேர்வாடியில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. 1887ல் தொடங்கி, இப்போது மாதுங்காவில் இருக்கும் வி.ஜே.டி.ஐ.யில் பட்டப் படிப்போடு டிப்ளமாவும் உண்டு. இரண்டும் தாராவிக்குத் தூரமில்லை. அரசு இடம் கிடைத்தால் செலவும் தனியார் கல்லூரிகளில் ஆவது போல் ஆகாது.

அறுபதில் ஆறு

அப்படியானால் எல்லோரும் பாலிடெக்னிக்குக்கே போய்விடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

பி.இ. இரண்டாம் ஆண்டில் டிப்ளமாக்காரர்களுக்கு என்று ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி கூடுதலாகத் தரப்படுவது 10 சதவீத இடம். 60 பேர் படிக்கும் வகுப்பென்றால் 6 இடம். முதலாண்டில் நிரம்பாத இடங்களையும் தருவார்கள். ஆனால் நல்ல கல்லூரியில், அதுவும் கம்ப்யூட்டர் பிரிவில், எந்த இடம் காலியாகக் கிடக்கப் போகிறது? டிப்ளமாவில் 90 சதவீதத்துக்கு மேல் எடுத்தவர்களே அங்கே வரிசையில் நிற்கிறார்கள். சுமாரான கல்லூரி என்றால் இடத்துக்குப் பஞ்சமில்லை. விதிப்படி டிப்ளமாவில் 45 சதவீதம் எடுத்தவரும் விண்ணப்பிக்கலாம்.

ஐ.ஐ.டி.தான் கனவு என்றால் பேச்சே வேறு. அங்கே பி.டெக். இரண்டாம் ஆண்டில் டிப்ளமாக்காரர்களைச் சேர்ப்பதில்லை. முதலாண்டில்தான் நுழைய வேண்டும். அந்தப் பிள்ளைக்கு ஜூனியர் காலேஜே சரி.

கணிதம் இன்னொரு தொல்லை. டிப்ளமாவில் கை வேலை அதிகம், கணிதம் குறைவு. இரண்டாம் ஆண்டில் போய் உட்கார்ந்ததும் லாப்ளாஸ், ஃபூரியர் என்று கரும்பலகையில் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். சேர்க்கை நீண்டு போகும் ஆண்டுகளில் வகுப்பு தொடங்கிச் சில வாரம் கழித்துத்தான் இவர்கள் உள்ளே போகிறார்கள். முதல் செமஸ்டரில் தடுக்கி விழுபவர்கள் பெரும்பாலும் கணிதத்தில்தான் விழுகிறார்கள். லேத் பட்டறையிலும் லேபிலும் இதே பிள்ளைகள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதையும் பார்க்கலாம். தமிழ் மீடியத்தில் பத்தாவது படித்த பிள்ளைக்கு இரண்டு வழியிலும் ஆங்கிலம் முதல் நாளே குறுக்கே நிற்கும். அதற்குத் தனியாக உழைக்க வேண்டியதுதான்.

ஊர்ச் சான்றிதழ் இங்கே செல்லாது

தமிழ்ப் பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஊரில் தாசில்தார் கொடுத்த சாதிச் சான்றிதழைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார்கள். சேர்க்கை நேரத்தில் எடுத்துக் கொண்டு போனால் 'ஓப்பன்' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். இது அதிகாரிகளின் கெடுபிடி அல்ல. 1990ல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் சொன்ன தீர்ப்பு. ஆந்திராவில் பழங்குடிப் பட்டியலில் இருந்த ஒரு மாணவர், தந்தையின் வேலை காரணமாக பம்பாய்க்கு வந்தவர், இங்குள்ள மருத்துவக் கல்லூரியில் இட ஒதுக்கீடு கேட்டார். ஒரு மாநிலத்துச் சலுகை இடம் பெயர்ந்தவரோடு அடுத்த மாநிலத்துக்கு வராது என்று கோர்ட் கூறிவிட்டது.

மகாராஷ்டிரத்தில் சலுகை வேண்டுமானால், தாழ்த்தப்பட்டோர் 10-8-1950க்கு முன்பும், பிற்பட்டோர் 13-10-1967க்கு முன்பும் குடும்பம் இங்கே குடியிருந்ததைக் காட்ட வேண்டும். அந்தச் சாதி இந்த மாநிலப் பட்டியலிலும் இருக்க வேண்டும். தாத்தா காலத்தில் வந்தவர்கள் அவருடைய பள்ளிச் சான்றையோ பழைய அரசு ஆவணத்தையோ இப்போதே தேடத் தொடங்குவது நல்லது. சான்றிதழ் கிடைத்தாலும், சரிபார்ப்புக் குழுவிடம் 'வேலிடிட்டி' வாங்கவே மாதக் கணக்கில் ஆகிறது.

சாதிச் சான்று இல்லாவிட்டாலும் 15 ஆண்டு குடியிருந்ததற்கான டொமிசைல் சான்றிதழை விட்டுவிடக் கூடாது. ஆண்டு வருமானம் 8 இலட்சத்துக்குள் இருந்து, அரசின் பொதுக் கலந்தாய்வு வழியாக இடம் கிடைத்தால், ஓப்பன் பிரிவினருக்கும் டியூஷன் கட்டணத்தில் பாதியைத் தரும் திட்டம் இருக்கிறது. மானேஜ்மெண்ட் கோட்டாவில் பணம் கட்டிச் சேர்ந்தவர்களுக்கு இது கிடையாது. ரெயில்வே, தபால் போன்ற மத்திய அரசு வேலையில் இங்கு மாற்றலாகி வந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. அலுவலகச் சான்று வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும்.

ஊர்ப் பக்கம் போவதும் ஒரு வழி. தமிழ்நாட்டில் 2007 முதல் என்ஜினீயரிங்குக்கு நுழைவுத் தேர்வு இல்லை. பன்னிரண்டாவது மார்க்கில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று கணக்கிட்டு இடம் தருகிறார்கள். வெளி மாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 'நேட்டிவிட்டி' சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம். ஆனால் விடுதிச் செலவு தனி.

நடுவில் நின்று போனால்?

தாராவி வீட்டில் அன்று இரவு கடைசியாக எழுந்த கேள்வி இதுதான். கேட்டவர் பையனின் தாய்.

"மூணாவது வருஷம் உங்களுக்கு உடம்புக்கு முடியாமப் போச்சுன்னா என்னங்க பண்றது?"

பன்னிரண்டாவதோடு நிற்பவனுக்குத் தொழிற்சாலையில் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. டிப்ளமாவோடு நிற்பவன் வேலைக்குப் போகலாம். ரெயில்வேயில் ஜூனியர் என்ஜினீயர் தேர்வுக்கு 3 ஆண்டு டிப்ளமா போதும். ஏழாவது சம்பளக் கமிஷன்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய். முன்பெல்லாம் வேலை பார்த்துக் கொண்டே ஏ.எம்.ஐ.இ. எழுதி என்ஜினீயர் ஆனவர்கள் ஒவ்வொரு ஒர்க்ஷாப்பிலும் இருந்தார்கள். 31-5-2013க்குப் பிறகு பதிவு செய்தவர்களுக்கு அந்தப் படிப்பைப் பட்டத்துக்குச் சமமாக அரசு ஏற்பதில்லை. அதை நம்பி யாரும் இப்போது இறங்க வேண்டாம்.

தாயின் கேள்விக்குப் பிறகு மாமாவும் அதிகம் பேசவில்லை. பையனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மெக்கானிக்கல் என்றான். கம்ப்யூட்டர் இல்லையா என்று மாமா கேட்டதற்கு, பாந்திராவில் கிடைத்தால் எதுவானாலும் சரி என்றான்.

மறுநாள் காலை தந்தை வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டார். டொமிசைல் சான்றிதழுக்காகப் பரணில் ஏறிப் பழைய ரேஷன் கார்டைத் தேடிக் கொண்டிருந்தார்.