தண்டவாளம் அகன்றபின் நிலம் யாருக்கு உரியது?

மதவாச்சியிலிருந்து தலைமன்னார் இறங்குதுறைக்குச் செல்லும் புகையிரதப் பாதை 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மேற்படிப்பின்பொருட்டு இந்தியா சென்ற முன்னைத் தலைமுறை மாணவர் பலர், மூட்டை முடிச்சுக்களுடன் சென்ற வழி அதுவே. யுத்தங் காரணமாக 1990இல் அச்சேவை நின்றது. தண்டவாளங்களும் மறைந்தன. எஞ்சியது நீண்டதொரு நிலத்துண்டு.

இத்தகைய நிலத்தைப் பொதுமக்கள் நடந்து செல்லும் வழியாக்கினால், அயற்காணிக்காரருக்கு நட்டஈடு கொடுத்தல் வேண்டுமா?

அமெரிக்காவில் இவ்வினா உயர்நீதிமன்றம் வரை சென்றது. அங்கே பல புகையிரதக் கம்பனிகள் பெற்றிருந்தது வழியுரிமை மாத்திரமே, மண் காணிக்காரனுடையது. கைவிடப்பட்ட பாதைகளை, பிற்காலத்தில் மீண்டும் வண்டி ஓடுதற்கெனக் காத்து, அதுவரை நடைவழியாக்க 1983ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. "வண்டிக்குத் தந்தோம், வழிப்போக்கருக்குத் தந்திலோம்" என்பது காணிக்காரர் வாதம். 1990இல் உயர்நீதிமன்றம், சட்டம் செல்லும் என்றும், நட்டஈட்டை அரசாங்கத்திடம் கோரலாம் என்றும் தீர்த்தது.

எமது நாட்டு நிலை வேறு. 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படியாயினும், 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின்படியாயினும், எடுக்கப்பட்ட காணி எவ்வித பாத்தியதையுமின்றி முற்றாக அரசைச் சேரும். மண்ணுக்கே விலை கொடுக்கப்பட்டமையால், தண்டவாளம் போயிற்று என்று பழைய உடையவர் காணியை மீளக் கேட்டல் இயலாது. 1979இற் சேர்க்கப்பட்ட 39அ பிரிவு மீளளிக்க வழிசெய்கின்றதே எனலாம். ஆயின் நட்டஈடு கொடுபடாமலும், காணி பொதுத்தேவைக்குப் பயன்படாமலும் இருந்தாலன்றி அப்பிரிவு உதவாது. ஆதலின், பாட்டனார் உறுதியைக் கையிற்கொண்டு கந்தோருக்குப் புறப்படுவோர், அத்துண்டு எடுக்கப்பட்டதா என்பதை நிலஅளவைப் படத்தில் முதலிற் பார்ப்பது நன்று. எல்லைக்கு அப்பால் ஒரு முழமேனும் புதிதாக வேண்டப்படின், அறிவித்தல், விசாரணை, சந்தைப் பெறுமதி யாவும் முறைப்படி நிகழ்தல் வேண்டும்.

மன்னாரில் நடைவழி தோன்றவில்லை. 2015 மார்ச் 14ஆந் திகதி தலைமன்னாருக்குப் புகையிரதமே மீண்டது. இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளில் அந்நிலம் துண்டு துண்டாக விற்கப்பட்டிருப்பின், அதனை மீள வாங்குதற்கு ஆன செலவு எவ்வளவு!

எனினும் ஒரு குறை உண்டு. போரால் இடம்பெயர்ந்து புகையிரத ஒதுக்கு நிலத்திற் குடிசை கட்டித் தென்னை நட்டவனுக்குச் சட்டம் உரித்து எதுவும் வழங்காது. அரசுக்கெதிராக ஆட்சியுரிமை செல்லாது. மண்ணுக்கு விலை கேட்க அவனுக்கு நியாயமில்லை. வீட்டுக்கும் மரத்துக்கும் பெறுமதி கொடுத்து, மாற்றிடங் காட்டியபின்னரே அவனை எழுப்புதல் வேண்டுமென்பது எமது துணிபு.