சூசையப்பரும் இன்றைய தந்தையரும்



தந்தை என்றால் சம்பாதிப்பவர், கண்டிப்பவர் என்ற எண்ணமே நம் வீடுகளில் நெடுங்காலம் நிலவியது. இன்றோ மகளுக்குத் தலைவாரிப் பின்னிவிடும் தந்தையரை யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் பார்க்கிறோம். இது நல்ல மாற்றமே. ஆனால் அதே ஊடகங்கள் தந்தையரை எடைபோடும் தராசாகவும் மாறிவிட்டன.

2020-ஆம் ஆண்டின் இறுதியில் நடந்ததை நினைத்துப் பார்ப்போம். இந்தியக் கிரிக்கெட் அணித் தலைவராக இருந்த விராட் கோலி, முதல் குழந்தையின் பிறப்புக்காக, ஆஸ்திரேலியாவில் முதல் டெஸ்ட் முடிந்ததும் நாடு திரும்பினார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜனோ, மகள் பிறந்தபோது ஐ.பி.எல். போட்டிகளுக்காக அமீரகத்தில் இருந்தார். அங்கிருந்தே ஆஸ்திரேலியா சென்று, 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த பிறகே ஊர் திரும்பினார். யார் நல்ல தந்தை என்று வலைத்தளங்களில் பெரும் விவாதம் எழுந்தது. அணித் தலைவருக்குக் கிடைக்கும் விடுப்பு, புதிதாக வந்தவருக்கும் எளிதில் கிடைக்குமா என்று கேட்டவர்கள் சிலரே.

நம் புதுவையிலிருந்து பிரான்சுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்று உழைக்கும் தந்தையர் உண்டு. வீடியோ அழைப்பில்தான் பிள்ளையின் முகம் பார்க்கிறார்கள். அவர்களைப் பாசமற்றவர்கள் என்போமா? மாறாக, மாலையில் கடற்கரைச் சாலையில் பிள்ளையின் கைபிடித்து நடந்தபடியே கைப்பேசித் திரையில் மூழ்கியிருக்கும் தந்தையும் உண்டு. உண்மையில் தொலைவில் இருப்பவர் யார்?

திருத்தந்தை பிரான்சிஸ், 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' மடலில் (எண் 176), தகவல் தொடர்பு, பொழுதுபோக்குச் சாதனங்களில் செலவிடப்படும் நேரமும் குடும்பத்தில் தந்தையின் உடனிருப்பைக் குறைக்கிறது என்று எச்சரித்தார். 2020 டிசம்பர் 8 அன்று புனித சூசையப்பரைப் பற்றி எழுதிய திருத்தூது மடலில், பிள்ளையைப் பெறுவதால் மட்டும் ஒருவர் தந்தையாகிவிடுவதில்லை, பொறுப்பேற்றுப் பேணுவதாலேயே தந்தையாகிறார் என்று விளக்கினார்.

நற்செய்தி நூல்களில் சூசையப்பர் பேசிய ஒரு சொல்கூட இல்லை. இரவோடு இரவாக எகிப்துக்குக் குழந்தையைக் கொண்டு சென்றதும், எருசலேமில் காணாமற்போன சிறுவனைத் தேடி அலைந்ததுமே அவரது தந்தைமையைச் சொல்கின்றன. அதைப் பாராட்ட அன்று பார்வையாளர் எவரும் இல்லை.

எனவே இரவு உணவின்போதும் குடும்ப செபத்தின்போதும் கைப்பேசியை ஒதுக்கி வைப்போம். தொலைவில் உள்ள தந்தையை அதே கைப்பேசி வழியே செபமாலையில் இணைத்துக்கொள்வோம். சாதனம் ஒன்றே, பிரிப்பதும் சேர்ப்பதும் நம் கையில்.

புனித சூசையப்பரே, எங்கள் தந்தையருக்காக வேண்டிக்கொள்ளும்!