வீட்டிலேயே கண்ணாடி அறுத்தல்

தறிக்கூடத்துச் சன்னலில் ஒரு கண்ணாடி உடைந்துவிட்டால், அவ்விடத்தை அட்டையாலோ தகரத்தாலோ அடைத்துவிடுதல் நம்மிடையே பெருவழக்காக உள்ளது. மழையும் புழுதியும் பாவின்மேல் படாதிருந்தால் போதும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். ஆனால் மழையோடு வெளிச்சமும் தடைப்பட்டுவிடுகிறது. அறுந்த இழையொன்று நான்கு விரற்கடை நெய்த பிறகு கண்ணில் பட்டால், பிரித்து மீண்டும் நெய்யும் நேரம் யார் கணக்கில் சேரும்? நெசவாளர் கணக்கில்தான். புதிய கண்ணாடிக்குப் பட்டணம் சென்றாலோ, விலை ஒருபுறமிருக்க, அதைப் பேருந்தில் உடையாமல் கொண்டுவருவது பெரும்பாடு. பழைய படச் சட்டத்திலும் அலமாரிக் கதவிலும் கிடக்கும் கண்ணாடியே பெரும்பாலும் போதுமானது. அதை அளவாக அறுக்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அறுத்தல் என்று சொல்லுகிறோமே தவிர, மரத்தை அறுப்பதுபோல் கண்ணாடியை அறுப்பதில்லை. மேற்பரப்பில் ஒரு மெல்லிய கீறலை உண்டாக்கி, அதன் வழியே பிளக்கச் செய்கிறோம். கண்ணாடி தனக்குரிய வலிமைக்கு மிகவும் குறைந்த விசையிலேயே உடைவதற்குக் கண்ணுக்குப் புலப்படாத நுண்விரிசல்களே காரணம் என்பதை, கிரிஃபித் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1921-இல் வெளிவந்த தம் ஆய்வில் விளக்கினார். வளைக்கும்பொழுது விசை முழுவதும் விரிசலின் நுனியில் திரண்டுவிடுகிறது. அந்த விரிசல் எந்த வழியே ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே அறுப்பவருடைய வேலை. ஆகையால் கோடு ஒன்றே ஒன்றாக இருத்தல் வேண்டும். சரியாக விழவில்லையென்று அதன்மேலேயே மறுமுறை இழுப்பவர், பல விரிசல்களை அருகருகே உண்டாக்கிவிடுகிறார்; சில்லின் கூரும் கெடுகிறது.

முற்காலத்தில் வைரமுனை கொண்டே கண்ணாடியைக் கீறினர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த சாமுவேல் மான்ஸ் என்பவர் 1869-இல் சிறு எஃகுச் சில்லு பொருத்திய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வகைக் கருவியே இன்று இரும்புக் கடைகளில் கண்ணாடி கட்டர் என்ற பெயரில் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை பயன்படும் இதை வீட்டுக்கு ஒன்றாக வாங்குவானேன்? சங்கத்தில் ஒன்று இருந்தால் ஓர் ஊருக்கே போதும்.

முதலில் அளவு. பழைய சட்டங்கள் பல கோணலாகியிருக்கும். நான்கு பக்கங்களோடு இரு மூலைவிட்டங்களையும் அளந்து பார்த்தல் நலம். கண்ணாடி அமரும் பள்ளத்தின் அளவைவிட நீளத்திலும் அகலத்திலும் 3 மில்லிமீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள். இறுக்கமாக அமர்ந்த கண்ணாடி, மழைக்காலத்தில் மரம் ஊதும்பொழுது உடையும். மற்றொன்று: அடிமட்டத்தை ஒட்டிக் கருவியை இழுத்தாலும், கோடு அதிலிருந்து 2 அல்லது 3 மில்லிமீட்டர் தள்ளியே விழும். அந்த இடைவெளியை உடைந்த துண்டொன்றில் இழுத்துப் பார்த்து அறிந்துகொள்க.

சமமான மேசையில் பழைய போர்வையை விரித்து, நன்கு கழுவித் துடைத்த கண்ணாடியை அதன்மேல் கிடத்துங்கள். சில்லை மண்ணெண்ணெயில் தோய்த்து, எதிர்விளிம்பிலிருந்து தம்மை நோக்கி, நிறுத்தாமல், ஒரே அழுத்தத்தில் இழுத்தல் வேண்டும். தறியின் ஓசையைக் கொண்டே அதன் குறையை அறிபவர்களுக்கு இங்கும் காதே வழிகாட்டி. கீச்சென்ற மெல்லிய ஒலி விட்டுப்போகாமல் தொடர்ந்து கேட்க வேண்டும். கோட்டோரம் வெள்ளைத் தூள் பறந்தால் அழுத்தம் மிகுதி. கோடு விழுந்தவுடன் தாமதியாமல் பிளந்துவிடுதல் நன்று. ஆறவிட்ட கோடு வழிதவறிப் போவதைக் கண்ணாடி வேலைக்காரர் நன்கு அறிவர். கோட்டின் இரு முனைகளுக்கும் அடியில் தீக்குச்சி வைத்து, இருபுறமும் உள்ளங்கையால் ஒருசேர அழுத்தினால் ஒரே ஓசையில் இரண்டாகும்.

குறுகிய பட்டையாக எடுப்பது கடினம். புதிதாகக் கற்பவர் பாதிக்குப் பாதி பிளந்து பழகுவது எளிது. கண்ணாடியின் மூலையிலிருந்து சதுரத் துண்டு எடுக்க முயலவே வேண்டாம். உள்மூலையிலிருந்து விரிசல் ஓடிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியை ரசம் பூசாத பக்கத்தில் கீற வேண்டும். மோட்டார் வண்டிகளின் பக்கக் கண்ணாடி போன்ற உறுதியூட்டிய கண்ணாடியை எக்கருவியாலும் இவ்வாறு அறுக்க இயலாது. அது முழுவதும் சிறுசிறு மணிகளாக உதிர்ந்துவிடும்.

விரல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மற்றவர்க்குச் சிறு கீறலாகத் தோன்றுவது, இழை பிணைப்பவருக்குப் பல நாள் கூலி இழப்பாகும். தடித்த துணியால் பிடித்து, பிளந்த விளிம்புகளை நனைத்த சாணைக்கல்லால் உடனே மழுக்கிவிடுங்கள். கண்ணுக்கு மூக்குக்கண்ணாடியேனும் அணிதல் அவசியம். போர்வையை வீட்டிற்குள் உதறலாகாது. சிதறிய சில்லுகளை ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, மூடியுள்ள தகர டப்பாவில் இட்டுத் தனியே அப்புறப்படுத்துக. குப்பைக்குழியில் கொட்டினால் அவை எருவோடு வயலுக்குச் சென்று, நாற்று நடுவோர் காலிலும் மாட்டின் குளம்பிலும் ஏறும்.