அடி விழுந்த பின் எழுவது எப்படி?

செகந்திராபாத்துக்கு வடக்கே லோத்குண்டாவில் குடியிருக்கிறீர்கள். ஒரே மழையில் இரண்டு வீடுகளுக்குள் தண்ணீர் புகுகிறது. ஒரு குடும்பம் சீக்கிரம் எழுந்துவிடுகிறது, இன்னொன்று நொடிந்துபோகிறது. ஏன்? இந்த வித்தியாசத்தைத்தான் மீள்திறன் (துன்பத்தைத் தாங்கி, மறுபடி வாழ்க்கையைத் தொடரும் ஆற்றல்) என்கிறார்கள்.

அது பிறவியிலேயே வருவதா? இயல்பான குணத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அது மட்டும் போதாது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான காவாயில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சிக்கல் என்று பல நெருக்கடிகளில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகத் தலையெடுத்தார்கள். அவர்களுக்கு அன்பு காட்ட நம்பகமான பெரியவர் ஒருவராவது இருந்தார்.

துக்கப்பட்டால் மனவலிமை இல்லை என்று பொருளா? இல்லை. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருக்கெடுத்து ஹைதராபாத்தைச் சூறையாடியது. உருதுக் கவிஞர் அம்ஜத் ஹைதராபாதி தம் தாய், மனைவி, மகள் மூவரையும் அதில் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தைக் கவிதையாக எழுதினார். பின்னாளில் உருது நாலடிப் பாடல்களில் பெரும்பெயர் பெற்றார். துக்கத்தோடுதான் அவர் எழுந்து நின்றார்.

அப்படியென்றால் தனி மனிதர் தைரியமாக இருந்தால் போதுமா? போதாது. அந்த வெள்ளத்துக்குப் பின் நிஜாம் அரசு பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்து யோசனை கேட்டது. வெள்ளத்தைத் தடுத்து நிறுத்த உஸ்மான் சாகர் அணை 1920-லும் ஹிமாயத் சாகர் அணை 1927-லும் கட்டி முடிக்கப்பட்டன. அரசு செய்ய வேண்டிய வேலையை மக்களின் மனவலிமையால் ஈடுகட்ட முடியாது.

அணை கட்டியாகிவிட்டதே, இனி பயமில்லையா? 2020 அக்டோபரில் பெய்த பெருமழையில் நகரின் பல பகுதிகள் மூழ்கின. குளங்களும் நாலாக்களும் (மழைநீர் ஓடும் கால்வாய்கள்) சுருங்கிப்போனால், பெய்யும் மழை தெருவுக்குத்தான் வரும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஆதார், பத்திரம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேல் தட்டில் வையுங்கள். தண்ணீர் வாசலை நெருங்கும் முன்பே மெயின் சுவிட்சை அணையுங்கள். முக்கியமான எண்களைத் தாளிலும் எழுதி வையுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் அது உதவும்.

அக்கம்பக்கத்தில் பழக்கமில்லை, தெலுங்கும் சரளமாக வராது என்கிறீர்களா? நாலு வார்த்தை போதும். எந்த வீட்டில் தனியாக ஒரு பெரியவர் இருக்கிறார், யாரால் படியிறங்க முடியாது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆபத்தில் முதலில் கை கொடுக்க வருபவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

ஜூன் மழை தொடங்கும் முன்பே நாலாவைத் தூர்வாரச் சொல்லி மாநகராட்சிக்கு மனுக் கொடுங்கள். தனியாகப் போகாமல், தெருவே சேர்ந்து கையெழுத்திடுங்கள்.

இடர் கடந்து வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லையா, மனம் பதறுகிறதா? அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தமிழிலும் தெலுங்கிலும் உதவி உண்டு.

இந்த வாரமே இரண்டு பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டி, போன் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். மழை வரும் வரை காத்திருக்க வேண்டாம்.