ஈஸ்ட்டுக்கு வெயில் ஆகாது!

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவது ஒரு பொழுதுபோக்கு. (நம்மூரில் முயன்றால் கம்பி எண்ண வேண்டியதுதான்!) 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இதற்கு வழிவிட்டது.

சரி, சாமான்களை எங்கே வாங்குகிறார்கள்? ஆன்லைனில் விலையும் குறைவு, ரகங்களும் அதிகம். ஹாப்ஸைக் காற்றுப்புகாத உறையில் அடைத்து அனுப்பினால் பிரச்னையில்லை. திரவ ஈஸ்ட் அப்படியல்ல, அது உயிருள்ளது. கோடையில் பார்சல் வண்டியில் இரண்டு நாள் வெந்தால் பெருமளவு செத்துவிடும். உள்ளூர்க் கடைக்காரர் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தருவார். முளைகட்டிய பார்லியை, நம்மூர் மாவு மில் போலக் கண்ணெதிரே உடைத்துத் தருவார். 'போன தடவை புளிச்சுப்போச்சே' என்றால், 'பாத்திரத்தைச் சுத்தம் பண்ணீங்களா?' என்று திருப்பிக் கேட்பார்.

2016-ல் நார்தர்ன் ப்ரூவர் என்ற பெரிய ஆன்லைன் கடையை பட்வைசர் கம்பெனியே வாங்கியது. கம்பெனி பீர் பிடிக்காமல் வீட்டில் காய்ச்சியவர்கள் கொதித்தே போனார்கள். பிறகு அது கைமாறியது.

ஆனாலும், கடையில் அரை மணி நேரம் சந்தேகம் கேட்டுவிட்டு, வாசலுக்கு வந்ததும் போனில் ஆர்டர் போடுகிறவர்கள் உண்டு. கடை மூடிப்போன ஊர்களில் இப்போது ஜூலை மாத ஈஸ்ட்டை ஐஸ் பையோடுதான் வரவழைக்க வேண்டும். அந்த ஐஸுக்குப் பெரும்பாலும் தனிக் காசு!