இரு நிறத்தில் ஓர் உல்லன் சால்வை

அரக்கு உடலுக்கு மயில் கழுத்து பார்டர் என்று புடவைக் கடையில் சட்டென்று பொறுக்குகிற நாம், உல்லன் நூல் வாங்கப் போனால் மட்டும் திகைத்து நிற்கிறோம். எதிரெதிர் நிறம் பார்ப்பது சுலபம்தான். சால்வையைக் கெடுப்பது பெரும்பாலும் நிறமல்ல, நூலின் ரகம்.

ஒரு பட்டை அசல் கம்பளி, அடுத்தது அக்ரிலிக் என்று கலந்து பின்னினால் முடிக்கும் நாள் வரை ஒரு குறையும் தெரியாது. வெந்நீரில் போட்டுக் கசக்கினீர்களோ, போச்சு! கம்பளி சுருங்கி இறுகும். அக்ரிலிக் இருந்தபடியே இருக்கும். சால்வை பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். ஆகவே இரண்டும் ஒரே ரகம், ஒரே பருமனாக இருக்கட்டும். ஒன்று மெலிசா? இரட்டை இழையாகப் பிடித்துப் பின்னுங்கள்.

நிறத்துக்கு ஒரு சோதனை. இரண்டு நூலையும் கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள். ஒரே சாம்பலாகத் தெரிந்தால் தூரப் பார்வைக்கு எடுக்காது. சிவப்பும் பச்சையும் இப்படித்தான் பல சமயம் ஏமாற்றும். அடர் நிற இழையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தியும் பாருங்கள். சாயம் ஒட்டினால் வெள்ளையோடு சேர்க்கவே வேண்டாம்.

நடுத்தரப் பருமன் நூலில் நிறத்துக்கு 200 கிராம் வாங்குங்கள். 5 மி.மீ. ஊசி போதும். (பழைய கணக்கில் 6-ம் நம்பர், அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும்.) முதலில் 20 கண்ணியில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, அலசி, காயவைத்து அளக்கவும். "அது எதுக்கு வெட்டி வேலை?" என்று கேட்காதீர்கள்! துண்டு நாலரை அங்குலம் இருந்தால் 80 கண்ணிக்கு 18 அங்குல அகலம் வரும். கூடினால், குறைந்தால் கண்ணியை மாற்றிக்கொள்ளலாம்.

எல்லா வரிசையும் நேர் பின்னல்தான். அடர் நிறத்தில் 2 வரிசை, வெளிர் நிறத்தில் 2 வரிசை என மாறி மாறி 60 அங்குலம் வரை பின்னவும். நூலை வெட்ட வேண்டாம். ஓரமாகவே மேலே ஏறி வரும், இறுக்கி இழுக்காமல் இருந்தால் சரி. நிறத்தை எப்போதும் ஒரே ஓரத்தில்தான் மாற்ற வேண்டும். அப்போதுதான் முன்பக்கம் கோடு சுத்தமாக விழும். பின்பக்கம் புள்ளி புள்ளியாகத் தெரியும். எனக்கென்னவோ அந்தப் பின்பக்கமே அழகு!

கைக்குழந்தைக்கு என்றால் குஞ்சமும் வேண்டாம், ரோயா உதிரும் மொஹேர் நூலும் வேண்டாம். மடியில் வைத்துப் போர்த்தலாம். ஒரு வயது வரை தூங்கும் இடத்தில் தளர்வாகப் போடக் கூடாது, முகத்தை மூடிவிடும்.

துவைக்கக் குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு. முறுக்கிப் பிழியாமல் டவலில் சுருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் பரப்பி உலர்த்தவும். கொடியில் தொங்கவிட்டால் நீர்க் கனத்தில் நீண்டு, அகலம் குறைந்துவிடும்.